ஏழு ராத்திரிச் சாப்பாடு

கொக்கித் தராசில் தூக்கிப் பிடித்த பெட்டி முப்பத்து மூன்று காட்டியது.

முப்பது கிலோவுக்கு மேல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். டாக்ஸி வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

என் வீட்டுக்காரர் திருமலைசாமி பெட்டியை ஹாலில் மல்லாக்கப் போட்டு ஜிப்பைத் திறந்தார்.

மேலே எங்கள் இரண்டு பேருடைய பனிச்சட்டை, பேண்ட், பூட்ஸ். அடியில், துண்டு சுற்றிய வெட் கிரைண்டர். இரண்டு லிட்டர், மேசைமேல் வைக்கிற சைஸ். டிரம், கல், மூடி எல்லாம் இருந்தது.

காலையில் நான்தான் வைத்தேன்.

அவர் தங்கை பிரவீனா சோபாவில் உட்கார்ந்தபடியே கையைத் தட்டினாள்.

"சுவிஸ்லயும் நமக்கு இட்லிதானா அண்ணி? பாருண்ணா, அண்ணிக்கு எத்தனை பொறுப்புன்னு."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. பத்து நாளாக என் கண்ணில் படாமல் நழுவிக்கொண்டிருந்த மனுசர், இப்போதுதான் என்னை நேராகப் பார்த்துச் சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்தப் பயணத்தைத் தேடிப் பிடித்தவள் நான். பகலில் மலையில் பனிச்சறுக்கு. ராத்திரி ஒரு மலைக் கிராமத்தில் சாப்பாடு. ஏழு நாள், ஏழு கிராமம். ஒரு ஊரில் மாட்டுக் கொட்டகைக்கு மேலேயே வீடு. அவர்களே கறந்து, அவர்களே செய்த சீஸை நெருப்புக்கு முன்னால் உருக்கி, வெந்த உருளைக்கிழங்கின் மேல் வழித்துப் போடுவார்களாம். இன்னோர் ஊரில் பார்லி சூப்பும் கெட்டி ரொட்டியும். கடைசி ஊரில் ஒரு அம்மாள், வந்தவர்கள் எல்லோரையும் உட்கார வைத்துத் தன் கையாலேயே பரிமாறுவாளாம்.

அந்த 'உட்கார வைத்து' என்பதைப் படித்த இடத்தில்தான் பதிவு செய்தேன்.

கல்யாணமாகி இருபத்து நாலு வருடம். ஒரு தோசையைச் சுடச்சுட உட்கார்ந்து தின்றதில்லை நான். நாற்பத்தேழு வயதில் முட்டி தாங்க வேண்டுமே என்று, ஆறு மாதமாக வாரம் தவறாமல் மருதமலைப் படி ஏறினேன்.

பத்து நாளைக்கு முன்னால் எனக்கு ஒரு மெயில் வந்தது. நீங்கள் கேட்டுக்கொண்டபடி ஏழு பேருக்கும், ஏழு நாள் சாப்பாடும் ரத்து செய்யப்பட்டது என்று.

நான் எங்கே கேட்டேன்? என் பேரில், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், கேட்டது இவர். நாங்கள் மூன்று பேர், பிரவீனா குடும்பம் நாலு பேர். அந்தச் சாப்பாடெல்லாம் நம் வயிற்றுக்கு ஒத்துக்காதாம். தங்குகிற வீட்டில் அடுப்பு இருக்கிறதாம். "வெங்கடலட்சுமி கூட வாரப்ப சோத்துக்கு என்ன பஞ்சம்" என்று என் பேரைச் சொல்லித் தங்கையிடம் போனில் பேசியதை என் காதாலேயே கேட்டேன். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

அன்றைக்கு நான் சண்டை போடவில்லை. வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று எனக்கே பயமாக இருந்தது.

இப்போது அவர் கிரைண்டரை ஒரு தடவு தடவினார். பிறகு என் பனிச்சட்டை, பேண்ட், பூட்ஸ் மூன்றையும் எடுத்துத் தரையில் வைத்தார்.

"மூணு கிலோ கொறஞ்சுரும். நீ எங்கம்மணி சறுக்கப் போற? கால ஒடிச்சுக்கிட்டீன்னா அப்பறம் சோறாக்கறது ஆரு?"

குனிந்தேன். என்னுடையதை எடுத்துத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன். அவருடைய சட்டையையும் பேண்டையும் பூட்ஸையும் உருவி அவர் கையிலேயே கொடுத்தேன்.

"மாவாட்டறவங்களுக்குப் பனிச்சட்டை எதுக்குங்க?"

பிரவீனா சிரிக்கப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவரிடம் நீட்டினேன். மெயில் வந்த அன்றைக்கே எழுதி வைத்தது.

இட்லி அரிசி நாலு டம்ளர், உளுந்து ஒரு டம்ளர், வெந்தயம் ஒரு ஸ்பூன். தனித்தனியாக நாலு மணி நேரம் ஊற வைக்கவும். ஆட்டிய மாவை ஹீட்டர் பக்கத்தில் வைக்கவும், அந்தக் குளிரில் சும்மா வைத்தால் புளிக்காது. கல்லை உடனே கழுவவும்.

அதற்குக் கீழே கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன். ஏழு நாளும் சாயங்காலம் ஆறு மணிக்கு நான் சாப்பிடக் கிளம்பிவிடுவேன். ஒருத்திக்கு மட்டும் திரும்பப் பதிவு செய்தாயிற்று.

அவர் படித்தார். காது இரண்டும் சிவந்தது. கத்துவார் என்று நினைத்தேன். கத்தட்டும், பதிலுக்குக் கத்த என்னிடம் இருபத்து நாலு வருடம் இருந்தது.

அவர் கத்தவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதவில்லை.

எங்கள் ஊரில் கணபதி ஏரியாவில் கிரைண்டர் கம்பெனி வைத்திருக்கிறவர் இவர். எங்கள் மகள் ஹர்ஷிணியின் பெயரை டிரம்மில் ஒட்டி, வருடத்துக்குப் பத்தாயிரம் கிரைண்டர் விற்கிறார்.

தங்கைக்குக் கேட்காத குரலில் என்னைக் கேட்டார்.

"ஏம்மணி, இதுல அரிசிய மொதல்ல போடறதா, உளுந்தயா?"