பாதியில் நின்ற தையல்

ஆபரேஷன் செய்து கன்னச் சதையை இறுக்கிக்கொள்ள வேண்டும் என்று தையல்கடைக்காரிக்கு ஆசை. ஆனால் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதையும் செய்கிறவள் இல்லை. அக்காவைக் கூட்டிக்கொண்டு இரண்டு டாக்டர்களைப் பார்த்தாள். ஆபத்து உண்டா என்று கேட்டபோது இருவரும் சிரித்து மழுப்பினார்கள். மூன்றாமவர்தான் உள்ளதைச் சொன்னார். சீழ் வைக்கலாம், கன்னம் மரத்துப்போகலாம், உணர்ச்சி திரும்பாமலே போகலாம்.

"இப்ப நான் தொடுறது தெரியுதாம்மா?"

"எங்க தொடுறீங்க?"

டாக்டர் அவள் காதுகளை மடக்கிப் பார்த்தார். "ஏற்கெனவே பண்ணியிருக்கீங்களே. யார்கிட்ட?"

"யார்கிட்டயும் இல்லீங்க டாக்டர்."

"வலது பக்கம் முடிஞ்சிருக்கு. இடது பக்கம் பாதியில நிக்குது."

அக்கா செல்போனில் படம் பிடித்துக் காட்டினாள். வலது காதுக்குப் பின்னால் பொடித் தையல். கடைசியில் நூலை இரண்டு சுற்று சுற்றிப் பின்பக்கமாக இழுத்த முடிச்சு. அப்படி முடிச்சுப் போடுகிறவள் அந்த வட்டாரத்திலேயே அவள் ஒருத்திதான்.

"இது உன் முடிச்சுடி."

"ஆமாக்கா. என்னுதுதான்."

கடைக்கு வந்ததும் பொத்தான் தைக்க வந்திருந்த ஒரு சட்டையை எடுத்தாள். ஊசி குத்திவைக்கும் பஞ்சில் ஓர் ஊசி ஏற்கெனவே நூல் கோத்துக் கிடந்தது. தோல் நிற நூல். அந்த நிறத்தில் நூல் அவள் வாங்கியதே இல்லை.

"சட்டைக்காரர் வந்துடுவாருடி" என்றாள் அக்கா.

"இருக்கா. பாதியில கிடக்கிறத முடிச்சிட்டு வந்துடுறேன்."

முக்காலியை இழுத்துக் கண்ணாடிக்கு முன்னால் போட்டுக்கொண்டு, இடது காதை மடக்கினாள்.