கார்டைப் பிடித்து வைத்திருந்தவர்

ஒரு கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஒன்பது வருடமாக ஒரு பிராசஸர் வேலை பார்த்து வந்தது. அதன் தலைமேல் அதே வயதில் ஒரு விசிறி சுற்றியது. விளையாட்டுகள் வேகமாக ஓடவேண்டும் என்று உரிமையாளர் தணிகைவேல் புது கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கிப் பொருத்தினார். ஆனால் திரையில் முன்பு போலவே நொடிக்கு இருபத்திரண்டு படம்தான் வந்தது.

“பெரியவரே, நான் நொடிக்கு நூத்தி நாப்பது படம் வரையுற ஆளு. உங்ககிட்ட வந்து மாட்டினேன் பாருங்க!” என்றது கார்டு.

பிராசஸர் வெட்கத்தில் இன்னும் கொஞ்சம் சூடானது.

“தம்பி, நீ வந்து ஆறு நாளாச்சு. இதுவரைக்கும் ஒரு படம்கூட நீ வரையலை,” என்றது விசிறி. “திரையோட கேபிள் உன்கிட்ட வரவே இல்லை, இன்னும் பழைய இடத்துலதான் செருகியிருக்கு. எல்லாத்தையும் வரையுறது பெரியவர்தான்.”

“கிழவருக்கு நீங்க வக்கீலா அண்ணே?”

தணிகைவேலும் கார்டின் கட்சிதான். ஞாயிற்றுக்கிழமை பழைய பிராசஸரைக் கழற்றி டிராயரில் போட்டார். புதியதை வைத்து, அதன்மேல் அதே விசிறியை மாட்டினார். கேபிளைத் திரும்பச் செருகும்போது கை தவறி அது கார்டில் போய்ச் சேர்ந்தது. உடனே நூற்று நாற்பது படம் ஓடியது.

“பார்த்தீங்களா? அவர் போனதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு,” என்றது கார்டு.

“இல்லை தம்பி, அந்தக் கேபிள்...” என்று தொடங்கியது விசிறி.

“அது கிடக்கட்டும் அண்ணே. உங்களுக்கு என்ன வயசாகுது?”

விசிறி அதன்பிறகு சத்தமே வராமல் சுற்றியது.