ஆறாவது இடம்

"பேரே இல்லைன்னா எப்படி சார்? நூறு ஆல்பத்துல ஒரு ஓரத்துல கூடவா இடமில்லாமப் போச்சு?"

பத்திரிகை ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எதிரே உட்கார்ந்திருந்தவள் ஒரு பழைய பாடகரின் மனைவி. அவள் மடியில் மூன்று பழைய இதழ்கள். பத்து வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பத்திரிகை வெளியிடும் 'தலைசிறந்த நூறு ஆல்பங்கள்' பட்டியல் அவற்றில் இருந்தது. நான்காவது பட்டியல் நாளை அச்சுக்குப் போகிறது. அதில் கணவரின் 'ஈரச் சுவர்' ஆல்பம் இல்லை என்பதைப் போனில் விசாரித்துத் தெரிந்துகொண்டு, நேரிலேயே வந்துவிட்டாள்.

"இது நான் தனியா எடுத்த முடிவு இல்லம்மா. நூத்திப் பன்னண்டு விமர்சகர்கள் ஓட்டுப் போட்டிருக்காங்க. அதுல பாதிப் பேர் அந்த ஆல்பம் வந்தப்ப பொறக்கவே இல்ல."

"முதல் பட்டியல்ல மூணாவது இடம். அடுத்ததுல இருபத்தெட்டு. போன தடவை எழுபத்தொன்பது." ஒவ்வொரு இதழாக மேஜைமேல் பிரித்து வைத்தாள். "அதே ஒன்பது பாட்டுதானே சார்? ஒரு வரி மாறலையே?"

"பாட்டு மாறல. கேக்கிற காது மாறிடுச்சு."

"அப்ப இது யார் காதுன்னு பாருங்க."

முதல் இதழில் ஒரு பத்தியின் மேல் விரலை வைத்தாள். 'ஈரச் சுவர் ஆல்பத்தைக் கேட்காதவன் இசையைப் பற்றி வாயே திறக்கக் கூடாது.' கீழே ஆசிரியரின் பெயர்தான் இருந்தது.

அவர் லேசாக நெளிந்தார். "அப்ப எனக்கு இருபத்தாறு வயசும்மா. அந்த வயசுல எதையும் கொஞ்சம் தூக்கலாத்தான் எழுதுவோம். இப்ப போட்டுக் கேட்டா பழசாத் தெரியுது. கிடார் எங்கேயோ தள்ளி நிக்குது. காலம்னு ஒண்ணு இருக்கில்ல?"

பக்கத்து மேஜையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த உதவி ஆசிரியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"அது இருக்கட்டும்," ஆசிரியர் பேச்சை மாற்றினார். "சார் எப்படி இருக்கார்? நுரையீரல்ல ஏதோ தொந்தரவுன்னு கேள்விப்பட்டேன்."

அவள் இதழ்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். விளிம்புகளைத் தட்டிச் சரிசெய்தாள்.

"முடிஞ்சுபோச்சு சார். செவ்வாய்க்கிழமை. தூக்கத்துலயே."

கீபோர்டின் சத்தம் நின்றது.

"ஐயையோ!" ஆசிரியர் எழுந்தே விட்டார். "ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா? விழுந்தடிச்சு ஓடி வந்திருப்பேனே!"

"யாருக்குன்னு சொல்லி அனுப்பறது? அஞ்சு வருஷமா எங்க வாசப்படிய ஒருத்தரும் மிதிக்கல."

"சரி, யார் யார் வந்தாங்க?"

"யாருமே வரல சார்."

ஆசிரியர் ஜன்னல்வரை நடந்தார். திரும்பி வந்தபோது குரல் வேறாக இருந்தது.

"பட்டியலைத் திறம்மா."

"பக்கமெல்லாம் முடிச்சாச்சே சார்," என்றாள் உதவி ஆசிரியை.

"திறன்னு சொல்றேன்ல. ஆறாவது இடத்துல இவர வை. மத்தவங்களை ஒவ்வொருத்தரா கீழ தள்ளு."

"அப்ப நூறாவது ஆள் வெளிய போயிடுவாரே?"

"அவன் உயிரோடதானே இருக்கான்? அடுத்த தடவை பாத்துக்கலாம்."

"ஓட்டு விழலையே சார்..."

"இவர் போனது தெரிஞ்சிருந்தா எல்லாரும் இவருக்குத்தான் போட்டிருப்பாங்க. அந்த வேலைய நாம செய்யறோம், அவ்வளவுதான்."

பாடகரின் மனைவி நிமிர்ந்தாள். "ஆறாவதா சார்?"

"ஆறாவதும்மா. எதிர்ப்பக்கம் முழுக்க அஞ்சலி. நானே எழுதறேன்."

"மறுபடி மாத்திட மாட்டீங்களே?"

"இனிமே யாராலயும் மாத்த முடியாது," என்றார் ஆசிரியர். அவள் எழுந்து கைகூப்பினாள். மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள்.

பத்தாம் நாள் இதழ் வெளிவந்தது. பேருந்து நிறுத்தத்துக் கடையில் ஒன்று வாங்கி, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து புரட்டினாள். ஆறாவது இடம். கொட்டை எழுத்தில் அவர் பெயர். எதிர்ப்பக்கத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் அவரது இளவயதுப் படம்.

'கடைசி வாரம்வரை தினமும் அவரோடு பேசிக்கொண்டிருந்தேன்' என்று ஆரம்பித்திருந்தார் ஆசிரியர். 'ஈரச் சுவர் காலத்துக்கு அப்பாற்பட்டது. இன்று கேட்டாலும் நேற்றுப் பதிவு செய்ததுபோல் ஒலிக்கிறது' என்று முடித்திருந்தார்.

அவள் அஞ்சலிப் பக்கத்தை மட்டும் மெதுவாகக் கிழித்தெடுத்தாள். நாலாகக் கிழித்தாள், எட்டாகக் கிழித்தாள், கசக்கித் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

கதவைத் திறந்ததும் உள்ளறையிலிருந்து இருமல் கேட்டது. அவள் இதழைப் பிரித்துக் கட்டிலருகே நீட்டினாள். வாங்கியவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

"ஆறாவதுடி!" என்றார் பாடகர். "செத்தாத்தான் மேல ஏத்துவாங்கன்னு அடிச்சுச் சொன்னியே... பாரு, இருக்கும்போதே ஏத்திட்டாங்க!"