சுவரை இடித்த சம்பந்திகள்

“வாசல் உங்க பக்கமே இருக்கட்டும் சம்பந்தியம்மா. ஜனங்க கால் அதுக்குத்தான் பழகியிருக்கு.”

கடிகார மியூசியத்தின் காப்பாட்சியர் இப்படிச் சொன்னதும், பூட்டு மியூசியத்தின் காப்பாட்சியர் பதறிப்போனார். தெருவில் எல்லோருக்கும் இவர் கடிகாரக்காரர், அவர் பூட்டம்மா.

“அதெப்படி? வாசல் உங்க பக்கம்தான் வரணும். கூட்டம் உங்களுக்குத்தானே வருது?” என்றார் பூட்டம்மா.

மேஜையில் வரைபடத்தை விரித்திருந்த பொறியாளர் பென்சிலைக் கீழே வைத்தார். வாசல் வேண்டும் என்று சட்டையைப் பிடித்துக்கொண்டவர்களை அவர் பார்த்திருக்கிறார். வேண்டாம் என்று மல்லுக்கட்டுகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறார்.

ஒரே தெருவில், ஒரே சுவரின் இரண்டு பக்கமும் இருந்தன அந்த மியூசியங்கள். சுவரை இடித்துவிட்டு, ஒரே வாசல், ஒரே டிக்கெட், நடுவில் மரநிழல், பெஞ்சு, டீக்கடை என்று இரண்டையும் ஒரு கலை வளாகமாக்க நகராட்சி முடிவு செய்திருந்தது.

“சேர்ந்தும் ஆள் வரலைன்னா, ரெண்டையும் மூடிட்டு கார் நிறுத்த விட்டுடுவோம்,” என்று நகராட்சித் தலைவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரித்துக்கொண்டே சொல்கிறவர்கள்தான் செய்துவிடுவார்கள்.

கடிகாரக்காரர் மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார். பூட்டைப் பார்க்க வருகிற கூட்டம், டிக்கெட் வாங்கிய பாவத்துக்காவது கடிகாரத்தையும் எட்டிப் பார்க்கும். மியூசியம் பிழைத்துக்கொள்ளும். இதை வெளியே சொல்ல முடியாது. எதிரே உட்கார்ந்திருப்பவர் மகளின் மாமியார்.

“ரெண்டு பேருக்குமே வேணாம்னா, சுவர் இருக்கிற இடத்துலயே வாசலை வெச்சிடறேன்,” என்றார் பொறியாளர். “ஆமா, உங்க பிள்ளைங்க கல்யாணத்தை எப்படித்தான் பேசி முடிச்சீங்க?”

“அது ஒரு காபி ஆறுறதுக்குள்ள முடிஞ்சுது,” என்றார் பூட்டம்மா. “அதுல வாசல் பிரச்சினை இல்லையே.”

வீட்டுக்கு வந்ததும் கடிகாரக்காரரின் மனைவி கேட்ட முதல் கேள்வி, “சம்பந்தியம்மாகிட்ட நம்ம லட்சணத்தைச் சொல்லிடலியே?” என்பதுதான்.

“நான் எதுக்குச் சொல்றேன்? கூட்டத்தைச் சமாளிக்க முடியலைன்னு சொல்லியிருக்கேன்.”

“வாய் கூசலையா?”

“கூசிச்சு. அந்தம்மா அதை அப்படியே நம்பினாங்க பாரு, அப்போ இன்னும் கூசிச்சு.”

மனைவி சிரித்துவிட்டார். “நிஜமாவே ஒருத்தரும் வர்றதில்லையா?”

“அப்படி ஒரேயடியா சொல்லிட முடியாது. அஞ்சாறு பேர் விடாம வர்றாங்க. அதே முகங்கதான். நான் பெண்டுலம் கடிகாரத்துக்குச் சாவி குடுக்கிறப்போ பக்கத்துலயே நின்னு பார்ப்பாங்க. ‘இன்னிக்குக் கூட்டம் எப்படி சார்’னு அக்கறையா விசாரிப்பாங்க. என் கூடப் பொறந்தவன் ஒரு நாள் அப்படிக் கேட்டதில்ல.” அவர் குரல் இறங்கியது. “மூடிட்டா எனக்கென்ன, பென்ஷன் வரும். பாவம், அவங்க எங்க போவாங்க?”

“சம்பந்தியம்மா மியூசியம் எப்படி?”

“அங்க எப்ப பார்த்தாலும் ஆள் நிக்குதாம்.”

“யார் சொன்னா?”

“சொன்னாங்க,” என்று பேப்பரை விரித்து அவர் முகத்தை மறைத்துக்கொண்டார்.

சுவர் விழுந்தது. வாசல் எழுந்தது. திறப்பு விழாவில் ரிப்பனை வெட்டிய நகராட்சித் தலைவர், இரண்டு மியூசிய ஊழியர்களின் சொந்தபந்தங்களுக்கும் இன்று முதல் இலவச அனுமதி என்று அறிவித்தார். எதிர்பார்த்ததைவிடப் பலமாகக் கை தட்டினார்கள்.

கடிகாரக்காரர் நேராகத் தன் கூடத்துக்கு ஓடினார். அந்த அஞ்சாறு பேரும் வந்திருந்தார்கள். ஒருவர் கையசைக்கக்கூடச் செய்தார். நெஞ்சு நிறைந்துபோய்ப் பொது டிக்கெட் கவுன்ட்டருக்கு வந்தார். உள்ளே இருந்தது பூட்டு மியூசியத்தில் இருந்து வந்த பெண்.

“எத்தனை டிக்கெட் போச்சும்மா?”

“இன்னும் போணியே ஆகல சார்.”

“என்னம்மா விளையாடறே? அதோ உள்ள நிக்கிறாங்களே, என்னோட ஆளுங்க?”

அவள் எட்டிப் பார்த்தாள். “அவங்களா? அது எங்க வாட்ச்மேனோட மச்சான். அந்த அக்கா எங்க கிளார்க்கோட நாத்தனார். மத்தவங்களும் எங்க ஆளுங்களுக்குச் சொந்தம்தான். உங்க கூட்டம் எப்படின்னு பார்த்துட்டு வரச் சொல்லி எங்க மேடம்தான் காசு குடுத்து அனுப்புவாங்க. இனிமே அவங்களுக்கு இலவசம் ஆச்சே சார்.”

கடிகாரக்காரர் கவுன்ட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கோபம் வருவதா, அழுகை வருவதா என்று அவருக்குள்ளேயே ஒரு தள்ளுமுள்ளு. சம்பந்தியம்மாவை நாலு கேள்வி கேட்டே தீருவது என்று திரும்பினார். அவரோ முகமெல்லாம் பூரிப்பாக எதிரே வந்துகொண்டிருந்தார்.

“சம்பந்தி, அதோ எங்க கூடத்துல பாருங்க. அவங்கெல்லாம் பூட்டுன்னா உயிரை விடறவங்க. ஒரு நாள்கூட விடாம வருவாங்க. இன்னிக்கு மட்டும் ஏன் டிக்கெட் வாங்கலைன்னுதான் எனக்குப் புரியல.”

கடிகாரக்காரர் பார்த்தார். இத்தனை நாளும் அங்கே கூட்டம் எப்படி என்று பார்த்துவரச் சொல்லித் தானே கைக்காசு போட்டு அனுப்பிவைத்த தன் ஊழியர்களின் தம்பிகளும் கொழுந்தன்களும் ஒவ்வொரு பூட்டாக ரசித்துக்கொண்டிருந்தார்கள்.