பொங்கலா, இட்லியா

வாதம் எங்கே போய் முடியும் என்பது தெரிந்ததுதானே என்று, இப்போதெல்லாம் கைபேசியே நம் சார்பில் மளமளவென்று வாதாடி முடித்துவிடுகிறது. அடுத்த வாரம் நிறைமதிக்குக் கல்யாணம். இரு வீட்டாரும் இருக்கும் கைபேசிக் குழுவில் மாப்பிள்ளையின் அப்பா, “காலையில பொங்கலா, இட்லியா?” என்று கேட்டார். நிறைமதியின் அப்பா செருப்பைக் கழற்றுவதற்குள் இரு கைபேசிகளும் பொங்கலிலிருந்து படிப்புக்கும், படிப்பிலிருந்து வளர்ப்புக்கும், அங்கிருந்து பரம்பரைக்கும் போய்க் குழுவையே கலைத்துவிட்டன.

மாப்பிள்ளை நேரே நிறைமதி வீட்டுக்கே ஓடி வந்தான்.

“மாமா, இதுல ஒண்ணுகூட எங்கப்பா சொல்லல. அவருக்குப் பொங்கல்னா போதும்.”

“எனக்கும் பொங்கல்தான், மாப்பிள்ளை.”

“அப்ப நீங்களே ஒரு வார்த்தை பேசிடுங்கப்பா,” என்றாள் நிறைமதி.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் பெயரில் போயிருந்ததைப் படித்தார். இரண்டாவது முறை ரசித்துப் படித்தார்.

“நான் சொல்லலதான்மா. ஆனா சொன்னதெல்லாம் நியாயமாத்தான இருக்கு. இனிமே எப்படி இறங்கிப் போறது?”