கொட்டாஞ்சேனை டொக்டரின் சம்மதம்

வெள்ளவத்தையில் குடும்ப மருத்துவப் பயிற்சியை நடத்திவந்த டொக்டர் யதுஷாவிடம் பயிற்சி மருத்துவர் ஒருவர்கூட மிஞ்சவில்லை. எல்லோரும் வெளிநாடு போய்விட்டார்கள். ஆள் கிடைக்காவிட்டால் கிளினிக்கையும் மூட வேண்டியதுதான்.

கொட்டாஞ்சேனையில் இதேபோன்ற பயிற்சிக்கும் கிளினிக்குக்கும் இயக்குநராக இருந்த டொக்டர் தயாபரனிடம் போனாள்.

"ரெண்டு இடத்தையும் ஒண்டாக்குவம், சேர். உங்களிட்டப் படிக்கிற நாலு டொக்டர்மாரும் ரெண்டு கிளினிக்கையும் பார்க்கட்டும்."

"ஒண்டாக்குவம். தலைமை நீர்தான்."

யதுஷாவால் நம்ப முடியவில்லை. "நீங்கள் இயக்குநர் கதிரையை விடவே மாட்டியள் எண்டெல்லோ எல்லாரும் சொல்லுறவை!"

"சொல்லட்டும். என்ர நோயாளிகளையும் கைவிடாதேயும்."

நெஞ்சு நிறைந்துபோய் எழுந்தாள். "உங்கட டொக்டர்மார் எப்ப வருவினம், சேர்?"

தயாபரன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவையள் வரமாட்டினம், யதுஷா. ஞாயிற்றுக்கிழமை என்னோட லண்டனுக்கு வெளிக்கிடுகினம்."