தடித்த தந்தியும் பொய்ப்பற்களும்

மார்ச் ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். பல் மருத்துவரான என் கொழுந்தன், விடுமுறையால் ஆளில்லாத தன் கிளினிக்கின் காத்திருப்பு அறையில் நின்று, யாருக்கோ வலித்துவிடும் என்பதுபோல் தாழ்ந்த ஒலி தரும் பேஸ் கிட்டாரை மெல்ல மீட்டிக்கொண்டிருக்கிறார். சாய்ந்த வெயில் அதன் நான்கு தந்திகளிலும் வழிகிறது. அவர்களின் மூவர் இசைக்குழுவில் தபால்காரர் டிரம்ஸ் வாசிக்க, பாடிக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரர் பாதியில் நிறுத்துகிறார். "டாக்டரே, நீங்க வாசிக்கிறது ஒருத்தர் காதுலயும் விழல. சனிக்கிழமை கல்யாண வரவேற்புல வாசிக்க நாங்க ரெண்டு பேரே போதும்." கொழுந்தனின் விரல்கள் தந்திமேல் அப்படியே நிற்கின்றன. "அண்ணி, உங்களுக்காவது கேக்குதா?" "காதுக்குக் கேக்கல. உக்காந்திருக்கிற பெஞ்சுக்குக் கேக்குது," என்கிறேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, தடித்த தந்தியை முதன்முறையாக ஓங்கி மீட்டுகிறார். கண்ணாடி அலமாரியில் வரிசையாக இருக்கும் பொய்ப்பற்கள் அத்தனையும் ஒருசேரக் கடகடவென்று அடித்துக்கொள்கின்றன. அவர் நிறுத்தினால் நிற்கின்றன, மீட்டினால் மறுபடியும் தொடங்குகின்றன. தபால்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "யோவ், உன் பாட்டுக்கு இதுவரைக்கும் ஒரு பல்லாவது ஆடியிருக்கா?" மருந்துக்கடைக்காரர் சிரிப்பை அடக்கமாட்டாமல் பல்லவியை மீண்டும் எடுக்கிறார், மூவரும் ஒரே தாளத்தில் பாட்டை முடிக்கிறார்கள். சனிக்கிழமை மூவரும் செல்வது என்றும், கொழுந்தன் மேடையின் நடுவில் நின்று ஓங்கியே வாசிப்பது என்றும் முடிவு செய்யப்படுகிறது.